புது வால்வு ஸ்பிரிங்குக்கு ஒரு ராத்திரி டைம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம பேப்பர்ல வர்ற மோட்டார் பக்கத்த விடாம படிக்கிறவன் நான். புது கார் விலை, மைலேஜ், எலக்ட்ரிக் வண்டி சார்ஜிங் எல்லாம் வருது, அதுவும் வேணும்தான். ஆனா பெங்களூருல பழைய ஹோண்டா சிட்டி விடெக், எஸ்டீம், பலேனோ, பாலியோ, போலோன்னு தேடிப்பிடிச்சு வாங்கி, இன்ஜின பிரிச்சு கேம் (வால்வத் தெறக்குற மேடு வெச்ச தண்டு) மாத்தி, ஹெட்ல (வால்வெல்லாம் இருக்கற இன்ஜினோட மேல்பாகம்) காத்து போற வழிய குடைஞ்சு போர்ட்டிங் பண்ணி ரேஸ் ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போற பசங்க எத்தன பேர் இருக்காங்கன்னு ஒரு சனிக்கிழம ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற ஜேசி ரோட்ல நின்னு பாத்தா தெரியும், அதுல நம்ம தமிழ்ப் பசங்களும் நிறைய, அவங்க வண்டிய பிரிச்சு மாட்டுற கராஜ்லயும் ஸ்ரீராமபுரம், ஹலசூர், நீலசந்திரா பக்கத்து நம்ம ஆளுங்க நிறைய. அவங்க வீட்டுக்கு வர்ற பேப்பர் இதுங்கறதாலதான் இத உங்களுக்கு எழுதுறேன். புது வால்வு ஸ்பிரிங் போட்ட இன்ஜின முதல் நாள் எப்படி ஓட்டணும்ங்கறத யாருமே அவங்களுக்கு சொல்றதில்ல, சொல்லாததால நல்ல நல்ல ஹெட்டெல்லாம் வீணாப் போகுது, அதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது.

நான் சிலிண்டர் ஹெட் வேலை பண்றவன். வால்வு வந்து உக்கார்ற சீட்ட கட்டிங் பண்றது, கைடு மாத்துறது, வால்வு லேப்பிங், ஸ்பிரிங் உயரம் பாத்து அடியில சிம்னு மெல்லிசு தகடு போடுறது, இதுதான் என் பொழப்பு. பிஸ்டன் ரிங்குக்கு ரன்னிங் இன் (புதுசுல நிதானமா ஓட்டிப் பழக்குறது) வேணும்னு சின்னப் பையனக் கேட்டாலும் சொல்லுவான், முதல் 1000 கிலோமீட்டர் பாத்து ஓட்டுங்கன்னு வண்டி கூட குடுக்குற புத்தகத்துலயே போட்டிருக்கும். ஆனா வால்வு ஸ்பிரிங்குக்கும் ரன்னிங் இன் உண்டுன்னா பாதிப்பேர் அதிசயமா பாக்குறாங்க. பர்ஃபாமென்ஸ் ஸ்பிரிங் தயாரிக்கிற பெரிய கம்பெனிங்க அந்த டப்பாக்குள்ள போடுற பேப்பர்ல இத எழுதியே அனுப்புறாங்க, ஆனா டப்பாவப் பிரிச்ச உடனே அந்தப் பேப்பர் கை துடைக்கப் போயிடுது.

ஸ்பிரிங் என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா அது புரிஞ்சா மிச்சம் தானா புரியும். சிலிண்டருக்குள்ள காத்து வரவும் புகை வெளிய போகவும் இருக்கற கதவுதான் வால்வு, கேம் அதத் தெறக்கும், மூடுறது ஸ்பிரிங்தான். கேமோட மேடு தாண்டினதும் வால்வு, ஸ்பிரிங்க வால்வோட பிடிச்சு வெக்கிற ரிடெய்னர், லாக்கு, கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற டேப்பெட் எல்லாத்தையும் இழுத்துட்டு வந்து சீட்ல உக்கார வெக்கணும், அதுவும் கேம விட்டு ஒரு முடி அளவு கூட விலகாம. பிஸ்டன் சுத்தி விடுற கிராங்க் தண்டு ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஒரு சுத்து, அப்போ 7500 ஆர்பிஎம்ல, அதாவது கிராங்க் நிமிஷத்துக்கு 7500 சுத்து சுத்தும்போது, ஒரு ஸ்பிரிங் நிமிஷத்துக்கு 3750 தடவ அமுங்கி எந்திரிக்குது, ஒரு செகண்டுக்கு 62 தடவைக்கு மேல. ட்ராக்ல சராசரி 6000 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் ஓட்டினா ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 60,000 தடவ அமுங்கியிருக்கும். 16 வால்வு இன்ஜின்னா 16 ஸ்பிரிங்கும் அப்படித்தான், அதுல ஒண்ணு முடியாதுன்னு சொன்னாலும் கதை முடிஞ்சுது.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஆர்பிஎம் ஏற ஏற வால்வோட வேகத்த அடக்கத் தேவைப்படுற பலம் அதே அளவுல ஏறாது, வர்க்கமா ஏறும். 6000ல இருந்து 7500க்குப் போறது பாக்க கால்வாசி கூடுதல்தான், ஆனா ஸ்பிரிங் மேல விழுற வேலை ஒண்ணரை மடங்குக்கு மேல போயிடும். அத ஸ்பிரிங்கால அடக்க முடியலன்னா டேப்பெட் கேம விட்டு எகிறும், வால்வு மூட வேண்டிய நேரத்துல மூடாம மெதக்கும், நாங்க வால்வு ஃப்ளோட்னு சொல்றது இதத்தான். மேல ஏறி வர்ற பிஸ்டன் அந்த வால்வ முட்டுச்சுன்னா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. இதனாலதான் பெரிய கேம் போட்டா ஸ்பிரிங்கையும் சேத்து மாத்தச் சொல்றோம், லிஃப்ட் (வால்வு தெறக்குற தூரம்) கூடுறதால கம்பெனி ஸ்பிரிங் சுருள் சுருளா முட்டி நின்னுடும், இல்லன்னா மேல் ஆர்பிஎம்ல கைவிட்டுடும்.

இப்போ புது ஸ்பிரிங். பெரும்பாலும் குரோம் சிலிக்கான் கம்பில சுத்துறாங்க, சூடுபண்ணி பதப்படுத்தி, ஷாட் பீனிங்னு பொடி இரும்பு குண்டுகள மேல அடிச்சு கம்பியோட தோல் இறுகுற மாதிரி பண்ணி, கடைசியில சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டுற அளவுக்கு அமுக்கி விடுவாங்க. இவ்வளவு பண்ணியும் கம்பிக்குள்ள இழுவை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. இன்ஜின்ல உக்காந்து முதல் தடவ சூடும் அமுக்கமும் சேந்து வரும்போதுதான் அது தளர்ந்து ஒரு நிலைக்கு வரும், அப்போ பலத்துல கொஞ்சம் குறையும், அந்தக் குறைச்சல் ஒரு தடவ நடந்து முடிஞ்சா அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அப்படியே நிக்கும். இது நிதானமா, எல்லா சுருள்லயும் சீரா நடக்கணும். புது தோசைக்கல்ல எண்ணெய் போட்டுப் பழக்காம முதல் நாளே மாவ ஊத்தினா என்ன கதியோ அதேதான் இங்கயும், ஒரே வித்தியாசம் தோசை பிஞ்சா இன்னொண்ணு ஊத்திக்கலாம், ஹெட் போனா போனதுதான்.

ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கற ரெட்டை ஸ்பிரிங், நடுவுல தட்டையான டேம்பர் சுருள் இருக்கற செட்டுன்னா இன்னும் ஜாக்கிரதை வேணும். அந்த டேம்பர் வெளி ஸ்பிரிங்கோட உள்பக்கத்துல வேணும்னேதான் உரசுது, சுருள் அதிர்றத அந்த உரசல்தான் அடக்குது. புதுசுல உரசல் ஜாஸ்தி, அதனால சூடும் ஜாஸ்தி. கம்பி வளைஞ்சு வளைஞ்சு தனக்குள்ளயே உண்டாக்குற சூடு வேற. இந்த சூட்ட எடுத்துட்டுப் போறது ரேடியேட்டர் தண்ணி இல்ல, மேல தெறிக்கிற ஆயில்தான். மேல ஆயில் எக்கச்சக்கமா போகுதுன்னு வழிய அடைச்சு வெக்கிற ஒரு பழக்கம் சில இடத்துல இருக்கு, ஸ்பிரிங் ஆயுசு அங்கயே பாதி போச்சு.

செய்ய வேண்டியது ரொம்ப கஷ்டம் ஒண்ணும் இல்ல. இன்ஜின் கட்டி முடிச்சு, ஆயில் பிரஷர் மேல வரைக்கும் வந்துடுச்சான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. 1500ல இருந்து 2000 ஆர்பிஎம் வரைக்கும் மட்டும், அதுக்கு மேல ஏத்தவே கூடாது, சும்மா ஒரு தடவ ரேஸ் பண்ணிப் பாப்போம்னு ஆக்சிலேட்டர மிதிக்கவும் கூடாது. கூட நிக்கிற ஃப்ரெண்டு சவுண்டு கேக்கணும்னு கெஞ்சுவான், அவன டீ வாங்கிட்டு வர அனுப்பிடுங்க. டெம்பரேச்சர் முள்ளு வழக்கமா நிக்கிற இடத்துக்கு வர்ற வரைக்கும் அப்படியே ஓடட்டும், வந்ததும் ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணிட்டு ஆற விடுங்க, இதுதான் முக்கியம், முழுசா ஆறணும், ராக்கர் கவர் (ஹெட்டோட மேல் மூடி) மேல கைய வெச்சா வெளிக்காத்து எப்படி இருக்கோ அப்படி இருக்கணும். பானெட்ட தெறந்து ஃபேன் வெச்சு அரை மணி நேரத்துல ஆத்திட்டேன்னா அது ஆறினதில்ல, வெளிய சில்லுன்னு தெரியும், உள்ள இரும்பு இன்னும் சூடாத்தான் இருக்கும். சாயங்காலம் ஓட்டி ஆஃப் பண்ணிட்டு கராஜ் ஷட்டர இறக்கிட்டுப் போயிட்டு காலைல வந்து பாருங்க, அவ்வளவுதான். இது ஒரு ஹீட் சைக்கிள். ரேஸ் இன்ஜின்னா இன்னொரு தடவ பண்றவங்களும் உண்டு, பண்ணா நல்லதுதான்.

இந்த 1500 - 2000 எதுக்குன்னும் சொல்லிடுறேன். 1800 ஆர்பிஎம்ல ஒரு ஸ்பிரிங் செகண்டுக்கு 15 தடவதான் அமுங்குது, வால்வோட வேகத்தால வர்ற பலம் சின்னது, சுருள் அதிர்வு இல்ல, அதே நேரம் ஐடில்ல விட மேல நல்லா ஆயில் போகுது. கம்பி மெதுவா சூடேறி மெதுவா தளர்ந்துக்க வேண்டிய அவகாசம் கிடைக்குது. ஐடில்லயே விட்டாலும் சூடு ஏறும்தான், ஆனா ஆயில் பத்தாது, பெரிய கேம் போட்ட வண்டி ஐடில்ல ஒழுங்காவும் நிக்காது.

காலைல கவரக் கழட்டி ஒவ்வொரு ஸ்பிரிங்கா டார்ச் அடிச்சுப் பாருங்க, டேப்பெட் க்ளியரன்ஸ் பாருங்க. வால்வ அமுக்குற ராக்கர் கை இருக்கற இன்ஜின்னா ஹெட்ட கழட்டாமயே சீட் பிரஷர் (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் காட்டுற பலம்) பாக்க டெஸ்டர் இருக்கு. ஒரு உதாரணத்துக்கு, வால்வு மூடியிருக்கும்போது 35 கிலோ, ஒரு மில்லிமீட்டர் அமுக்கினா 4 கிலோ ஏறுற ஸ்பிரிங், லிஃப்ட் 9 மில்லிமீட்டர்னு வெச்சுக்குவோம், முழுசா தெறக்கும்போது 71 கிலோ. சைக்கிள் முடிஞ்சதும் 35 இருந்த இடத்துல 33 காட்டினா பதற வேண்டாம், அது எதிர்பாத்ததுதான். அதையும் திருப்பி ஏத்தணும்னா அரை மில்லிமீட்டர் சிம் போட்டா 2 கிலோ வந்துடும், ஆனா சிம் போட்ட அளவுக்கு சுருளுக்கு நடுவுல இடம் குறையும்ங்கறத மறந்துடாதீங்க, முழு லிஃப்ட்ல சுருள் முட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணரை மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கணும்னு எங்க தொழில்ல பாப்போம். எல்லாம் 33ல நிக்கும்போது ஒண்ணு மட்டும் 30க்கு இறங்கியிருந்தா அத எடுத்துடுங்க. அந்த ஒண்ண கண்டுபிடிச்சுக் குடுக்கறதுக்காகவே இந்த ஒரு ராத்திரி காத்துக்கிடக்கலாம்.

இனி நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். சனி ஞாயிறு சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ராக் நாள்னா வெள்ளிக்கிழம ராத்திரி பன்னெண்டு ஒரு மணி வரைக்கும் இன்ஜின் கட்டுறாங்க. விடியக்காலைல ஸ்டார்ட் பண்ணி நேரா ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியா கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஹைவேல இழுத்துட்டுப் போறாங்க. கேட்டா ரோட்ல போகும்போதே ரன்னிங் இன் ஆயிடும்ணான்னு சொல்றாங்க. ரிங்குக்கு வேணா அது ஓரளவு ஒத்துவரும், ஸ்பிரிங்குக்கு அது ஹீட் சைக்கிளே கிடையாது. முதல் சூடே 3000, 4000 ஆர்பிஎம்ல மணிக்கணக்கா விழுது, நடுவுல ஆறவே இல்ல, டிபன் சாப்பிட ஆம்பூர்ல நிறுத்துற நேரத்துல இன்ஜின் ஆறாது, அங்க போய் சேந்ததும் ஹெல்மெட்ட மாட்டிட்டு ட்ராக்குக்குள்ள. ட்ரெய்லர்ல ஏத்திட்டுப் போறவங்க கதை இன்னும் மோசம், அவங்க இன்ஜினோட முதல் ஓட்டமே ட்ராக்லதான். இன்னொரு கூட்டம் சிட்டிக்குள்ள ரெண்டு நாள் ஆபீஸ் போயிட்டு வந்தா செட் ஆயிடும்னு நெனைக்குது, சில்க் போர்டு சிக்னல்ல முக்கா மணி நேரம் ஐடில்ல கொதிச்சுட்டு நடுவுல கேப் கிடைச்சா ஒரே அமுக்கு, இதுல எங்க இருந்து ஸ்பிரிங் பழகும்?

போன வருஷம் ஒரு ஹெட் என் டேபிளுக்கு வந்துச்சு. 16 வால்வு, புது கேம், புது ஸ்பிரிங், வெளிய பாத்தா கண்ணாடி மாதிரி வேலை. கட்டின அடுத்த நாளே ட்ராக்குக்குப் போயிருக்கு, ரெண்டாவது செஷன்ல ஒரு சிலிண்டர் மிஸ் அடிச்சிருக்கு, பையன் பெட்ரோல்ல ஏதோன்னு நெனச்சு இன்னொரு ரவுண்டு போயிருக்கான். ஒரு எக்ஸாஸ்ட் ஸ்பிரிங் ரெண்டா உடைஞ்சு, லாக்கு கழண்டு, வால்வு உள்ள விழுந்து பிஸ்டன் தலையில குத்தி ஹெட்ட துளைச்சு வெச்சிருந்துச்சு. நான் அந்த உடைஞ்ச ஸ்பிரிங்க டீசல்ல கழுவி லென்ஸ் வெச்சுப் பாத்தேன். உடைஞ்ச முகத்துல ஒரு மூலைல மட்டும் வழவழன்னு ஒரு சின்ன பிறை, மிச்சமெல்லாம் சொரசொரன்னு. அந்தப் பிறை இருந்த இடத்துல, சுருளோட உள்பக்கத்துல, ஒரு கீறல். ஸ்க்ரூ டிரைவர் நுனி பட்ட கீறல் மாதிரி, நகத்த வெச்சுத் தேய்ச்சாதான் தெரியும். சுருள் ஸ்பிரிங்ல உள்பக்கம்தான் இழுவை அதிகமா விழுற இடம், அங்க கீறல் இருந்தா விரிசல் அங்க இருந்துதான் கிளம்பும். கட்டினவங்க வேலை தெரியாதவங்க இல்ல, அவசரம்தான். அந்த ஸ்பிரிங்குக்கு முறையா ஒரு ஹீட் சைக்கிள் குடுத்து காலைல கழட்டிப் பாத்திருந்தா ஒண்ணு அந்தக் கீறல் கண்ணுல பட்டிருக்கும், இல்ல அந்த ஒரு ஸ்பிரிங் மட்டும் பலம் குறைஞ்சு காட்டிக் குடுத்திருக்க வாய்ப்பு இருந்துச்சு. அந்தப் பையன் ரெண்டு வருஷமா சம்பளத்துல மிச்சம் பிடிச்சு கட்டின இன்ஜின் அது. அவன் அந்த வால்வ கையில வெச்சுக்கிட்டு நின்னத நான் பாத்தேன், அதுக்கு மேல எனக்கு எழுத வரல.

அதனால ஸ்பிரிங்க எப்படி கையாளணும்ங்கறதும் இதோட சேந்த விஷயம்தான். கொறடு வெச்சுப் பிடிக்காதீங்க. வைஸ்ல நேரா கடிக்க விடாதீங்க, ரெண்டு மூணு தடவ வைஸ்ல வெச்சு நசுக்கி எடுத்தா செட் ஆயிடும்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல அமுக்கம் இருக்கு, சூடு இல்ல, போதாக்குறைக்கு தாடையோட பல்லு கம்பியில பதிஞ்சுடும். ரெட்டை ஸ்பிரிங்க பிரிக்கணும்னா கையால திருகி எடுங்க, ஸ்க்ரூ டிரைவர உள்ள விட்டு நெம்பாதீங்க. பளபளன்னு வரணும்னு ஆசிட் கலந்த கிளீனர்ல ஊற வெக்கிறது மகா பாவம், அதுல இருந்து வர்ற ஹைட்ரஜன் கம்பிக்குள்ள ஏறி மொறுமொறுன்னு ஆக்கிடும். கழுவினதும் துடைச்சு ஆயில் தடவி வெச்சுடுங்க. மழைக்காலத்துல பேஸ்மெண்ட்லயும் ஷெட்லயும் பேப்பர்ல சுத்தி வெச்ச ஸ்பிரிங்ல ஒரே வாரத்துல துரு புள்ளி வந்துடுது, அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு கீறலுக்கு சமம், எமரி வெச்சுத் தேய்ச்சுப் போடாதீங்க, அந்த ஸ்பிரிங்க ஒதுக்கிடுங்க.

ஜேசி ரோட்ல வாங்குறவங்களுக்கு ஒண்ணு. டப்பா மேல என்ன பேர் போட்டிருந்தாலும் சரி, மாட்டுறதுக்கு முன்னாடி முழு செட்டையும் ஸ்பிரிங் டெஸ்டர்ல வெச்சு ஒரே உயரத்துல எத்தன கிலோ காட்டுதுன்னு பாத்து ஒரு அட்டையில எழுதுங்க. டெஸ்டர் இல்லாதவங்க பீன்யா, ராஜாஜிநகர் பக்கம் இருக்கற மெஷின் ஷாப்ல கேட்டா பாத்துக் குடுப்பாங்க. செட்ல ஒண்ணு ரெண்டு வித்தியாசமா இருந்தா அங்கயே திருப்பிக் குடுத்துடலாம், இன்ஜின்ல மாட்டிட்டு எப்படி திருப்பிக் குடுப்பீங்க?

பழைய அம்பாசடர், பத்மினி ரெடி பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க இங்க, அவங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு, அத சொல்லாம விட்டா நான் சொன்னத வெச்சே கேம கெடுத்துக்குவாங்க. அந்த இன்ஜின்ல எல்லாம் அடிப்பாகம் தட்டையா இருக்கற டேப்பெட், கேம் மேல நேரா உரசிட்டு ஓடும். புது கேம், புது டேப்பெட் போட்டா ஸ்டார்ட் ஆன நிமிஷத்துல இருந்து 2000க்கு மேல ஆர்பிஎம் வெச்சு 20 நிமிஷமாவது ஓட்டணும், ஐடில்ல விட்டா கேமுக்கு ஆயில் தெறிக்காம முதல் சில நிமிஷத்துலயே மேடு தேஞ்சு போயிடும், ஜிங்க் சத்து இருக்கற ஆயிலும் வேணும். அப்போ ஸ்பிரிங்குக்கு மெதுவா, கேமுக்கு வேகமா, எதக் கேக்கறது? பதில் இதுதான். முதல்ல கேம முடிங்க, அதுக்கு ரெட்டை ஸ்பிரிங்ல உள் ஸ்பிரிங்க எடுத்துட்டு வெளி ஸ்பிரிங்கோட மட்டும் ஓட்டுங்க, இல்லன்னா பலம் கம்மியான பழைய ஸ்பிரிங்க போட்டு ஓட்டுங்க, கேமுக்கும் பாரம் குறையும். அது முடிஞ்சு ஆறினதும் முழு செட்ட மாட்டி அதுக்கு தனியா ஹீட் சைக்கிள் குடுங்க. வேலை ரெண்டு மடங்குதான், ஆனா வேற வழி இல்ல. பக்கெட் டேப்பெட் (வால்வு மேல கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி), ரோலர் (கேம் மேல உருளுற சக்கரம்) இருக்கற இன்ஜினுக்கு இந்தக் கவலை அவ்வளவா கிடையாது. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் பசங்களுக்கு இந்த லெட்டர்ல வேலையே இல்ல, டூ ஸ்ட்ரோக்ல கேமும் கிடையாது, வால்வு ஸ்பிரிங்கும் கிடையாது.

ரிங்க பத்தியும் கேப்பாங்க, மெதுவா ஓட்டினா ரிங் சிலிண்டர் சுவரோட ஒட்டி சீட் ஆகாதே, லோடு வேணுமேன்னு. உண்மைதான், ரிங்குக்கு லோடு வேணும். ஆனா ஸ்பிரிங்குக்கு நான் கேக்கறது இன்ஜின் ஒரு தடவ சூடாகி ஆறுற நேரம்தான், மறுநாள் காலைல ரோட்ல எடுத்துட்டுப் போய் ரிங்குக்கு வேண்டிய லோட தாராளமா குடுங்க, ரெண்டுக்கும் சண்டை இல்ல.

இப்போ வர்ற நல்ல ஸ்பிரிங்க எல்லாம் ஃபேக்டரிலயே சூட்டுல வெச்சு அமுக்கி செட் பண்ணித்தான் வருது, எதுக்கு வீணா இதெல்லாம்னு சொல்ற பெரிய மெக்கானிக்குங்களும் இருக்காங்க. அவங்க அனுபவத்த நான் மதிக்கிறேன், அந்த மாதிரி ஸ்பிரிங்ல பலம் ரொம்பக் கம்மியாத்தான் குறையுது, நானே டெஸ்டர்ல பாத்திருக்கேன். ஆனா எது அப்படி செட் பண்ணி வந்தது, எது வரலன்னு டப்பாவப் பாத்து எத்தன பேரால சொல்ல முடியும்? டேம்பர் உரசி பழகுறது ஃபேக்டரில நடக்கவே நடக்காது. செலவுன்னு பாத்தா ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர் பெட்ரோலும் ஒரு ராத்திரியும்தான். டப்பால வர்ற பேப்பர்ல வேற மாதிரி போட்டிருந்தா அதையே செய்ங்க, தயாரிச்சவன் சொல்றதுதான் முதல்ல, நான் சொல்றது அதுக்கப்புறம்.

இரும்பு ஸ்பிரிங்கையே நம்ப முடியாதுன்னு சொல்றதும் சரியில்ல. ஃபார்முலா ஒன்ல 1986ல ரெனோ இரும்பு ஸ்பிரிங்க எடுத்துட்டு காத்தழுத்தத்துல மூடுற வால்வு கொண்டுவந்தாங்க, டுகாட்டி பைக்ல பல வருஷமா வால்வ மூடுறதுக்கே தனி கேம் வெச்சாங்க, இதெல்லாம் உண்மை. ஆனா ஹோண்டா எஸ்2000 காரு கிட்டத்தட்ட 9000 ஆர்பிஎம் வரைக்கும் சாதா இரும்பு ஸ்பிரிங்லதான் ஓடுச்சு, ஷோரூம்ல வித்த வண்டி. ஒழுங்கா டிசைன் பண்ணி, ஒழுங்கா மாட்டி, ஒழுங்கா பழக்கினா இரும்பு ஸ்பிரிங் தாங்கும்.

பழக்கினதுக்கு அப்புறமும் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழம விடியக்காலைல நந்தி மலைக்கு கூட்டம் கூட்டமா போறாங்க, மார்கழில நம்ம ஊர்ல அந்த நேரத்துக்கு நல்ல குளிர், ஸ்டார்ட் பண்ணி அபார்ட்மெண்ட் கேட்ட தாண்டினதும் ஏர்போர்ட் ரோட்ல ரெட்லைன் (ஆர்பிஎம் மீட்டர்ல இருக்கற சிவப்புக் கோடு) வரைக்கும் மிதி. ஆயில் மேல போயே சேந்திருக்காது. ரேஸ் இன்ஜின் கட்டுற யாரக் கேட்டாலும் குளிர்ந்த ஸ்பிரிங்க அடிச்சு ஓட்டாதேன்னுதான் சொல்லுவாங்க. ஹெப்பால் தாண்டுற வரைக்கும் 3000க்குள்ள போனா யாரும் கொறஞ்சு போயிட மாட்டீங்க.

உங்ககிட்ட நான் கேக்கறது, மோட்டார் பக்கத்துல இத ஒரு நாள் பெருசா போடுங்க, ஒரு உடைஞ்ச ஸ்பிரிங்கோட படத்தோட போட்டா இன்னும் நல்லது, படம் வேணும்னா என்கிட்ட இருக்கு, எடுத்துக் குடுக்குறேன். கராஜ் நடத்துற அண்ணன் தம்பிங்ககிட்ட கேக்கறது, ஜாப் கார்டுல ஹீட் சைக்கிள்னு ஒரு வரி சேருங்க, அதுக்கு ஒரு நாள் கூலியையும் பில்லுல தைரியமா எழுதுங்க, சும்மா செய்யச் சொன்னா எந்தப் பையனும் செய்ய மாட்டான், ஷெட்ல ஒரு வண்டி ஒரு நாள் நின்னா வாடகை யாரு குடுக்கறதுங்கற கஷ்டம் எனக்கும் தெரியும். வண்டிக்காரங்ககிட்ட கேக்கறது, வெள்ளிக்கிழம ராத்திரி வண்டிய குடுன்னு மெக்கானிக் கழுத்துல கத்திய வெக்காதீங்க, சனிக்கிழம ட்ராக்னா புதன்கிழமைக்குள்ள இன்ஜின் கட்டி முடியற மாதிரி பாத்துக்கங்க, முடியலன்னா அந்தத் தடவ போகாதீங்க, ட்ராக் எங்கயும் ஓடிப்போயிடாது. அந்த ஸ்பிரிங் அட்டைய மட்டும் கராஜ்ல கேட்டு வாங்கி வண்டி பேப்பரோட வெச்சுக்கங்க. மாட்டும்போது எத்தன கிலோ, சைக்கிள் முடிஞ்சதும் எத்தன கிலோன்னு அதுல இருக்கணும். அடுத்த தடவ ஹெட்ட தெறக்கும்போது அந்த ரெண்டாவது கணக்குல இருந்து பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா முழு செட்டையும் மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தாதீங்க.

இப்படிக்கு,
சிலிண்டர் ஹெட் வேலை செய்யும் ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு